மண்டபமும் சபையும்: நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியார்

நாடக அரங்கு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதனைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அளவுகோல் கொண்டே கற்பிக்கின்றது. மலைப்பக்கத்து விளைந்த மூங்கிலிற் கோல் வெட்டி, அக்கோலை 24 பெருவிரல் அளவினதாக்கி, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக மாதவியின் அரங்கை எழுப்பினர் என்று அந்நூலால் அறிகின்றோம். புகவும் புறப்படவும் இரு வாயில்கள், மூவகை எழினிகள், தூணின் நிழல் ஆடுவார்மேல் விழாதவாறு நிறுத்திய விளக்குகள். அத்துணை நுட்பமும் நம் முன்னோர் கண்டிருந்தனர்.

அரங்கை அளக்கக் கோல் உண்டு. அவ்வரங்கிலே ஆண்டாண்டாகக் கூடி, காசும் காலமும் செலவிட்டு, ஒத்திகை பார்த்து, கணக்கெழுதி, பிணங்கியும் இணங்கியும் கலையைப் பேணும் மக்கட் கூட்டத்தை அளக்கக் கோல் ஏது? மாதவி காலத்தில் அரசன் அவை அத்தொண்டைச் செய்தது. அரசரும் குறுநில மன்னரும் மறைந்த காலத்தில் அத்தொண்டை யார் செய்வது என்னும் வினாவுக்குச் சென்னை மாநகரில் ஓர் இளைஞர் தம் வாழ்க்கையையே விடையாக்கினார். அவரே பம்மல் விஜயரங்க சம்பந்த முதலியார். அவருடைய நாடகங்களைப் பற்றிப் பேசியவர் பலர். அவர் கட்டி வளர்த்த சபையைப் பற்றி நம் மாணாக்கர் அறிதல் இன்று மிகவும் வேண்டப்படுவது என்பது என் துணிபு. ஏன் என்பதனை முடிவிலே கூறுவேன்.

நாடகத்தை வெறுத்த இளைஞர்

சம்பந்தனார் 1873-ஆம் ஆண்டு சென்னையிலே பிறந்தார். பம்மல் என்பது பல்லாவரத்தை அடுத்துள்ள ஊர். அஃது அவர்தம் குடும்பத்தின் பூர்வீகப் பெயராய் நின்றது. தந்தையார் விஜயரங்க முதலியார் கல்வித்துறையிற் பணியாற்றியவர். தமிழ் நூல்களை அச்சிட்டு வெளியிடுவதிலும் ஈடுபட்டவர். தாயார் மாணிக்கவேலு அம்மையார். வீடு நிறையப் புத்தகங்கள் இருந்த சூழலிலே மைந்தர் வளர்ந்தார். ஆங்கிலக் கல்வியும் அவருக்கு வாய்த்தது.

பிற்காலத்தில் தமிழ் நாடகத் தந்தை என்று போற்றப்பட்ட இப்பெரியார், பதினெட்டு வயதுவரை தமிழ் நாடகத்தைக் கண்ணெடுத்தும் பாராதவர் என்றால் பலர் வியப்பர். ஆயினும் அதுவே உண்மை. அக்காலத்திலே தெருக்கூத்து ஒருபுறமும், தொழின்முறைக் குழுக்களின் பாட்டு நாடகம் மற்றொருபுறமும் நடந்துகொண்டிருந்தன. விடிய விடிய நடக்கும் ஆட்டம், எவ்விடத்தும் பாட்டு, இடையிடையே கொச்சையான நகைப்பு. கற்றவர் வீட்டுப் பிள்ளை அவ்விடம் செல்லுதல் இழுக்கு என்று கருதப்பட்டது. நடிப்பவனைக் கூத்தாடி என்று இகழும் வழக்கம் தமிழ்நாட்டிலும் இருந்தது. நம் யாழ்ப்பாணத்திலும் இருந்தது. ஆங்கில நாடகங்களின்பால் விருப்புற்றிருந்த அவ்விளைஞர் அவ்விகழ்ச்சியைத் தாமும் பகிர்ந்துகொண்டார்.

1891-ஆம் ஆண்டு அவர் உள்ளம் திரும்பியது. பல்லாரி நகரிலிருந்து கிருஷ்ணமாசார்லு என்னும் வழக்கறிஞர் தம் சரச விநோதினி சபையோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினார். அந்நாடகங்களைக் கண்ட சம்பந்தனாரை ஈர்த்தது கதை மட்டும் அன்று. மேடையில் நின்றோர் கற்றவர். பகலிலே நீதிமன்றத்தில் வாதாடியும் அலுவலகங்களில் எழுதியும் வாழ்வோர். கூலிக்காக அன்றிக் கலைக்காக ஆடுகின்றனர். மதிப்புடைய மாந்தர் மேடை ஏறினால் மேடைக்கு மதிப்பு வரும் என்னும் உண்மை அன்று அவர்க்குப் புலனாயிற்று. தெலுங்கர்க்கு இயன்றது தமிழர்க்கு ஏன் இயலாது என்னும் நாண உணர்ச்சியும் உடன் எழுந்தது.

ஏழுவரும் ஒரு சபையும்

அவ்வாண்டு ஆனி மாதம், ஆங்கிலக் கணக்கில் 1891 ஜூலை முதல் நாள், நண்பர் எழுவர் கூடிச் சுகுண விலாச சபை என்னும் பெயரால் ஒரு சங்கத்தை நிறுவினர். கையிலே பொருள் இல்லை, மேடை இல்லை, உடை இல்லை, ஆடத்தக்க தமிழ் நாடக நூலும் இல்லை. ஆயினும் சபை என்று ஒன்று பிறந்துவிட்டது. சந்தா உண்டு, கூட்டக் குறிப்பு உண்டு, செயலாளர் உண்டு. நாடகம் ஆடுமுன்னரே நாடகத்தை ஆளும் ஒழுங்கு பிறந்தது என்பதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

நூல் இல்லாமையால் சம்பந்தனாரே நூல் எழுதப் புகுந்தார். அவர் எழுதிய புஷ்பவல்லி என்னும் நாடகம் 1893-ஆம் ஆண்டு அரங்கேறியது. அக்காலத்தில் அவர் இருபது வயதினர். எழுதுபவர், கற்பிப்பவர், நடிப்பவர் ஆகிய மூவரும் அவரே. முதல் முயற்சிகளிலே நேர்ந்த குறைகளையும், அரங்கிலே பட்ட அவமானங்களையும் பிற்காலத்தில் ஒளியாமல் எழுதிவைத்தார். தம் தோல்வியைத் தாமே பதிவுசெய்த கலைஞர் தமிழரிற் சிலரே. அவர் அச்சிலருள் ஒருவர்.

சபையின் நாடகங்கள் நடந்த இடம் சென்னை மத்திய புகைவண்டி நிலையத்துக்கு அண்மையிலுள்ள விக்டோரியா பொது மண்டபம். 1883-ஆம் ஆண்டு விஜயநகர மகாராசர் அடிக்கல் நாட்ட, சிசம் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த வடிவின்படி நம்பெருமாள் செட்டியார் செங்கல்லாற் கட்டிய மாளிகை அது. ஏறத்தாழ 600 பேர் அமரத்தக்க கூடம் உடையது. நம் யாழ்ப்பாணத்து இந்துக் கல்லூரியிலே 1897 ஜனவரியிற் சொற்பொழிவாற்றிய விவேகானந்த அடிகள், அடுத்த மாதம் சென்னை சென்று பேசிய மண்டபமும் அதுவே. சமயப் பெரியோர் பேசிய மேடையிலே நாடகமும் நடந்தது என்பது சிறு செய்தி அன்று. தகரக் கொட்டகையிலிருந்து கற்றோர் அவைக்கு நாடகம் ஏறிச் சென்ற படி அது.

மண்டபம் சபைக்குச் சொந்தம் அன்று; வாடகைக்குக் கொண்டது. ஆயினும் அம்மண்டபத்துள்ளே சபை தன் சட்டத்தை நிலைநிறுத்தியது. குறித்த நேரத்தில் நாடகம் தொடங்கும். இராமுழுதும் நீளும் ஆட்டத்தைச் சில மணி நேரத்துள் அடக்கினர். ஒத்திகைக்கு வாராதவர் எவ்வளவு பெரியவராயினும் வேடம் பெறுதல் அரிது. பாடம் மனனமாகாதவர் மேடை ஏறுதல் கூடாது. சபையார் தமிழோடு நில்லாது தெலுங்கு, கன்னடம், வடமொழி, ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் நாடகங்களை நடத்தினர். வழக்கறிஞரும் அரசியலாரும் உறுப்பினராய்ச் சேர்ந்தனர். தேசத் தொண்டர் சத்தியமூர்த்தி, சி. பி. இராமசாமி ஐயர், பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகஞ் செட்டியார் முதலியோர் அச்சபையோடு தொடர்புடையவர். சத்தியமூர்த்தி மேடையிலே வேடந்தாங்கி நடித்தவருமாவர். கூத்தாடி என்னும் இழிசொல் வலியிழந்தது இவ்வாறே.

உரைநடை நாடகம்

சம்பந்தனார் எழுதிய நாடகங்கள் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை. பாட்டே நாடகம் என்றிருந்த காலத்தில், பேச்சே நாடகத்தின் உயிர் என்று நிறுவியவர் அவர். அவர் பாடகர் அல்லர். அக்குறைவே தமிழ் நாடகத்துக்கு நிறைவாயிற்று என்று கூறினும் அமையும். சோகத்தில் உள்ளவன் இராகம் ஆலாபித்து நிற்பது இயற்கையன்று. அவன் சொல் தடுமாறும். சில வேளை மௌனமே பேசும். இவ்வுண்மையை அவர் மேடையில் நடித்துக் காட்டினார்.

1895-ஆம் ஆண்டு மேடையேறிய மனோகரா அவர் புகழின் சிகரம். தந்தையால் ஒதுக்கப்பட்ட அரசியின் மகன், தாயின் கட்டளைக்கு அடங்கித் தன் சினத்தை விழுங்கி நிற்கின்றான். அக்கட்டளை நீங்கியவுடன் சங்கிலி அறுகின்றது. நடிப்பவனுக்கு இதனினும் அரிய சோதனை வேண்டுவதில்லை. அந்நாடகம் அவர் அறிந்த அளவிலேயே 800 தடவைக்கு மேல் நடிக்கப்பெற்றது. தி. க. சண்முகம் சகோதரர் முதலிய பிள்ளைகள் நாடகக் குழுவினரும் அதனை நடித்துப் பெயர்பெற்றனர். 1936-இல் அது திரைப்படமானபோது சம்பந்தனாரும் அதில் நடித்தார். 1954-இல் மீண்டும் படமாயிற்று; அப்போது மனோகரனாகத் தோன்றியவர் சிவாஜி கணேசன். அவர்தம் சபாபதி என்னும் நகைச்சுவை நாடகம் 1941-இல் திரைக்கு வந்து, இன்றும் மக்கள் கண்டு சிரிக்கும் படமாய் விளங்குகின்றது.

சேக்ஸ்பியரைத் தமிழ் மேடைக்குக் கொணர்ந்த பணி தனியே கூறத்தக்கது. ஹாம்லெட் அமலாதித்யன் ஆனான். மாக்பெத் மகபதி ஆனான். வெனிசு நகர வணிகன் வாணீபுர வணிகன் ஆனான். சிம்பலின் என்னும் நாடகம் சிம்ஹளநாதன் என்னும் பெயரால் நம் தீவின் மணம் பெற்றது. பெயர்களையே நோக்குக. ஒலியும் ஒத்து, தமிழ் அவைக்கும் இசைந்து நிற்கின்றன. மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், தமிழ் மேடையில் நிற்கத்தக்க மாந்தராக அப்பாத்திரங்களை ஆக்கினார். நம் விபுலாநந்த அடிகள் 1926-இல் வெளியிட்ட மதங்க சூளாமணியிலே சேக்ஸ்பியரின் நாடகங்களை நாடகவிலக்கண நெறி நின்று ஆராய்ந்தார். ஒருவர் மேடைக்கு ஆக்கினார்; மற்றவர் கல்விக்கு ஆக்கினார். இவ்விருவரையும் சேர்த்துக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு நாடகத் தமிழ் இரு கண்ணும் பெற்று விளங்கும்.

தோழமை

சம்பந்தனார் வாழ்விலே கலையினின்று பிரிக்க இயலாதது நட்பு. பெண் பாத்திரங்களையும் ஆடவரே தாங்கிய அக்காலத்தில், அவருடன் நாயகியாய் நடித்தவர் சி. ரங்கவடிவேலு முதலியார். அவரும் வழக்கறிஞர். மனோகரன் சம்பந்தனார் என்றால் விஜயாள் ரங்கவடிவேலு என்று சென்னை மக்கள் பல்லாண்டு கண்டு பழகினர். நாடகம் எழுதும்போதே இப்பாத்திரம் இவர்க்கு என்று நினைந்து எழுதினார் நம் ஆசிரியர். நடிகரின் குரலும் நடையும் அறிந்து உரையாடல் அமைத்தமையால் அவர் நாடகங்கள் ஏட்டில் மட்டும் உறங்காமல் மேடையில் எழுந்து நடந்தன.

1923-ஆம் ஆண்டு ரங்கவடிவேலு மறைந்தார். அப்பிரிவு சம்பந்தனாரை நிலைகுலையச் செய்தது. முப்பது ஆண்டுக்கு அண்மிய மேடைத் தோழமை அது. அதன்பின் அவர் மேடையிற் பழைய ஊக்கம் காட்டினாரல்லர். சபை என்பது சட்டத்தாலும் சந்தாவினாலும் நடப்பது போலத் தோன்றினும், உள்ளே அதனைத் தாங்குவது இத்தகைய நட்பே என்பது இதனாற் புலனாகும்.

1924 முதல் 1928 வரை அவர் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியாய் அமர்ந்தார். அதற்கு முன்னரே 1916-இல் அரசினர் ராவ் பகதூர் பட்டம் வழங்கியிருந்தனர். நீதிபதியாய் வீற்றிருந்தவரே நாடகாசிரியர் என்று ஊர் அறியும். பதவியைக் காரணங்காட்டி அவர் நாடகத்தைக் கைவிட்டாரல்லர். இக்காலத்தில் நம்மிடையே பதவி ஏறியவுடன் பாட்டையும் கூத்தையும் மறக்கும் அன்பர் உளர். அவர்கட்கு இவர் வாழ்வு ஒரு பாடம்.

சைவப் பற்றும் அவர்க்கு மிகுதி. சிவாலயங்கள் இந்தியாவிலும் அப்பாலும் என்னும் பெயரால் ஆலயங்களைத் தொகுத்து நூல் எழுதினார். கடல் கடந்த ஆலயங்களையும் தம் நூலில் மறவாது நினைந்த அவ்வுள்ளத்தை ஈழத்துச் சைவர் நன்றியோடு போற்றுதல் தகும்.

ஈழத்து ஏகலைவர்

1911-ஆம் ஆண்டு சுகுண விலாச சபையார் கடல் கடந்து இலங்கைக்கு வந்து நாடகங்களை நடத்தினர். அந்நாடகங்கள் நம் நாட்டில் விளைத்த பயன் பெரிது. அவற்றைக் கொழும்பிலே கண்டு உள்ளம் பறிகொடுத்த இளைஞர் ஒருவர் இருந்தார். 1889-இல் பிறந்த யாழ்ப்பாணத்து மைந்தர் க. சொர்ணலிங்கம் அவர். சம்பந்தனாரைத் தம் குருவாக வரித்து, ஏகலைவன் துரோணரைப் போற்றியது போலப் போற்றினார். சில ஆண்டுகளுள் கொழும்பிலே லங்கா சுபோத விலாச சபை தோன்றியது. பெயரிலேயே குருவின் சபை ஒலிப்பதைக் காண்க. யாழ்ப்பாணத்திலும் சரஸ்வதி விலாச சபை முதலியன எழுந்தன. சம்பந்தனாரின் நாடகங்கள் நம் மேடைகளிலே பல்லாண்டு நடிக்கப்பெற்றன.

கலையரசு என்று நாம் அன்போடு வழங்கும் சொர்ணலிங்கனார் 1982-இல் மறையும்வரை ஈழத்து நாடகத்தின் மூத்த தலைமகனாய் விளங்கினார். 1968-இல் அவர் வெளியிட்ட ஈழத்தில் நாடகமும் நானும் என்னும் நூல், குருவின் நாடக மேடை நினைவுகளுக்கு ஈழம் தந்த மறுமொழி எனலாம். ஒரு சபையின் சில நாட் பயணம் வேறொரு நாட்டிலே எழுபது ஆண்டு வாழ்ந்த ஒரு கலைவாழ்வை விதைத்தது. கட்டடம் பயணம் செய்யாது. சபை பயணம் செய்யும்.

ஒரு குறை

பெரியோரைப் போற்றும்போது அவர்தம் எல்லையையும் சுட்டுதல் ஆராய்ச்சி நெறி. சம்பந்தனார் இளமையில் தெருக்கூத்தின்மேற் கொண்ட வெறுப்பு முற்றும் நீங்கிற்றில்லை. ஆங்கில நாடகமும் பல்லாரி நாடகமும் அவர்க்கு அளவுகோல் ஆயின. கற்றோரை மேடைக்கு அழைத்த அவர் சபை, கல்லாதார் காத்துவந்த கலையினிடம் கற்றுக்கொள்ளப் பெரிதும் முயன்றிலது. விளைவு யாதெனின், கற்றவர் நாடகம் ஒன்று, ஊரவர் கூத்து ஒன்று எனத் தமிழ் அரங்கு இரு கூறாயிற்று. அவர்க்கு ஆறாண்டு மூத்தவரான சங்கரதாச சுவாமிகள் (1867 - 1922) பாட்டு நாடகத்தையே செப்பஞ்செய்து, சிறுவர் குழுக்களைப் பயிற்றி ஊர்தோறும் அனுப்பினார். அவ்விசை நாடக மரபே நம் கொட்டகைகளில் வேரூன்றி, காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து போன்ற பெருங்கலைஞரை நமக்குத் தந்தது. மயான காண்டத்திலே அவர் பாடக் கேட்டுக் கண்ணீர் விட்ட மக்கள் எத்தனை ஊரிலே எத்தனை ஆயிரவர்!

இப்பிளவை ஒட்டும் முயற்சி ஈழத்திலே நடந்தது என்பது நமக்குப் பெருமை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்து வழக்குத் தமிழை நாடக மேடையில் ஏற்றினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணாக்கரைக் கொண்டு 1962-இல் கர்ணன் போர் என்னும் கூத்தை மேடையேற்றினார். அதன்பின் நொண்டி நாடகம், இராவணேசன் என்பன தொடர்ந்தன. அண்ணாவியாரின் முன்னே பட்டதாரிகள் கைகட்டி நின்று தாளம் கற்றனர். சம்பந்தனார் கற்றோரை மேடைக்குக் கொணர்ந்தார். வித்தியானந்தனார் அக்கற்றோரை அண்ணாவியாரிடம் கொண்டு சென்றார். முன்னது நிகழாதிருப்பின் பின்னது நிகழ்ந்திராது என்றே நான் கருதுகின்றேன்.

சொந்த மாளிகையும் ஓய்ந்த மேடையும்

சபையின் பிற்கால வரலாற்றிலே நாம் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பல ஆண்டு வாடகை மண்டபத்தில் நாடகம் ஆடிய சுகுண விலாச சபைக்கு, சென்னை மவுண்ட் ரோட்டிலே சொந்த இடம் வாய்த்தது. 1930-களில் சபை அங்கே குடிபுகுந்தது. சொந்த வீடு வந்தவுடன் கலை பெருகியிருத்தல் வேண்டும் அன்றோ? நடந்தது வேறு. பொழுதுபோக்குக் கழகத்தின் இயல்பு மேலோங்கியது. விளையாட்டும் விருந்தும் நிலைத்தன. நாடகம் மெல்ல மெல்ல ஒதுங்கியது. பேசும் படம் மக்களைக் கவர்ந்தமையும், பழைய தோழர் மறைந்தமையும் ஒரு காரணம். ஆயினும் வீடு இல்லாத காலத்திலே வாழ்ந்த கலை, வீடு வந்த காலத்திலே மங்கியது என்னும் உண்மை உண்மையே.

சம்பந்தனார் சோர்ந்திருந்தாரல்லர். நாடக மேடை நினைவுகள் என்னும் பெயரால் ஆறு பாகமாகத் தம் அனுபவங்களை எழுதினார். நடிப்புக் கலையைக் கற்பிக்கும் நூலும், நாடகத் தமிழின் வரலாற்று நூலும், பேசும் பட அனுபவங்களும் எழுதினார். முதுமையிற் கண்ணொளி குன்றியபோதும் பிறரைக் கொண்டு எழுதுவித்தார். 1959-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. 1964 செப்டெம்பர் 24-ஆம் நாள், தொண்ணூற்றொரு வயது நிரம்பிய நிலையில் மறைந்தார். விக்டோரியா மண்டபமோ நெடுங்காலம் பழுதுற்றுப் பூட்டிக் கிடந்தது. மாநகராட்சி அதனைப் புதுப்பிக்க முனைந்தது அண்மைக் காலத்தில்தான். செங்கல் காத்திருக்கும்; மனிதர் காத்திருத்தல் இயலாது.

நமக்கு இதனால் யாது?

இனி, முன்னர்க் கூறுவேன் என்றதைக் கூறுகின்றேன். யாழ்ப்பாண நகரிலே நூலகத்தின் அயலில் பெரிய பண்பாட்டு மையம் ஒன்று எழுந்து நிற்கின்றது. 2015-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, இந்திய அரசின் நன்கொடையாற் கட்டப்பெற்று, 2023 பெப்ரவரியில் மக்களுக்குக் கையளிக்கப்பெற்றது. பல மாடி உயர்ந்த அக்கட்டடத்திலே ஏறத்தாழ 600 பேர் அமரத்தக்க கலையரங்கும் உண்டு. விக்டோரியா மண்டபத்தின் கூடமும் ஏறத்தாழ அதே அளவினது என்பது என் சிந்தையைத் தூண்டியது. 2025-இல் அம்மையத்துக்குத் திருவள்ளுவர் பெயரும் சூட்டப்பெற்றது. பெயரைப் பற்றியும் பெயர்ப்பலகையைப் பற்றியும் நாம் நிறையப் பேசினோம். உள்ளே மாதந்தோறும் யார் ஆடுவர், யார் ஒத்திகை நடத்துவர், யார் சந்தா செலுத்துவர் என்பதைப் பற்றி அவ்வளவு பேசினோமா?

கட்டடம் என்பது நமக்குக் கிடைக்கவும் கூடும், பறிக்கப்படவும் கூடும். அதனை இம்மண்ணினும் நன்கு அறிந்தவர் யார்? 1974 ஜனவரி 10-ஆம் நாள் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவிலே வீரசிங்கம் மண்டபத்தின் முன் உயிர்கள் மாய்ந்தன. 1981 ஜூன் முதல் நாளின் நள்ளிருளிலே நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. பின்னர் வந்த போரிலே எத்தனையோ அரங்குகள் கூரை இழந்தன. ஆயினும் நாடகம் நின்றதா? நின்றதில்லை. 1965-இல் தோன்றிய திருமறைக் கலாமன்றம் தொடர்ந்து உழைத்தது. 1978-இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தோற்றுவித்த நாடக அரங்கக் கல்லூரி, கல்லூரி என்னும் பெயர் பெற்றும் கட்டடத்தை நம்பியிராமல் பயிற்சியை நம்பி வாழ்ந்தது. அவர் எழுதிய மண் சுமந்த மேனியர் 1985-இல் மேடையேறி, ஊர் ஊராகச் சென்று மக்களைக் கண்டது. 2025 தொடக்கத்தில் மறைந்த அவ்வாசிரியப் பெருந்தகையும் சபையை அமைத்தவரே. மண்டபத்தை எதிர்பார்த்தவர் அல்லர்.

நான் ஆசிரியத் தொழிலிலே இருப்பவன். தமிழ்த் தினப் போட்டி வரும் மாதத்திலே மாணாக்கர் நாடகத்துக்கு ஓடியாடி ஒத்திகை செய்வர். பரிசு கிடைத்தாலும் கிடையாவிட்டாலும் போட்டி முடிந்த மறுநாள் அக்குழு கலையும். வேடப்பெட்டி பூட்டப்படும். பெரியோர் விழாக்களோ குறித்த நேரத்துக்கு ஒரு மணி கழித்துத் தொடங்கி, வரவேற்புரையிலும் பொன்னாடையிலும் பொழுதைப் போக்கி, கலைநிகழ்ச்சிக்கு எஞ்சிய சில நிமிடத்தைத் தரும். மணி தவறாது திரை தூக்கிய ஒருவரின் வாழ்வைப் படிக்கும்போது எனக்கு நாணம் பிறக்கின்றது.

ஆதலின் என் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வோர் இலக்கிய வட்டத்திலும் எழுவர் கூடுக. எழுவர் போதும், சுகுண விலாச சபைக்கும் எழுவரே இருந்தனர். ஆண்டுக்கு ஒரு நாடகமேனும் எழுதுக. வாரத்துக்கு ஒரு நாள் ஒத்திகை பார்க்க. கணக்கும் குறிப்பும் எழுதிவைக்க. ஊர்க் கோயில் வீதியில் இன்றும் கூத்தாடும் அண்ணாவியாரையும் அழைத்து அமர்த்திக் கற்க. சம்பந்தனார் விட்ட குறையை நாம் தீர்ப்போம். அத்தகைய சபைகள் பத்து இருப்பின், பண்பாட்டு மையத்தின் 600 இருக்கையும் நிறையும். அவை இல்லையாயின் அவ்வரங்கின் குளிரூட்டியும் விளக்கும் யாருக்கு? ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் உடைய அரங்கு இளங்கோ காலத்திலேயே நமக்கு உண்டு. அதனை நிறைக்கும் மக்களைத் தேடிச் சேர்த்தவர் பம்மல் சம்பந்தனார்; அவர் செய்த அத்தொண்டு நம் கையிலே இப்போது காத்திருக்கின்றது.